மேனேஜர் வருவதற்கான நியாயங்கள்

இந்த முறை என் மனைவியிடம் தோற்பதில்லை என்று சபதம் செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் செய்த சபதங்களைத் தொகுத்தால் ஒரு காவியமே தேறும். ஆனால் இது நாய் விஷயம். விட்டுக்கொடுக்க முடியாது.

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பஸ் டிரைவர், தன் மகள் வீட்டோடு தங்கப் போகிறார். அங்கே நாய்க்கு இடமில்லை. அவருடைய நாய்க்கு மேனேஜர் என்று பெயர். நாள் முழுக்கப் படுத்திருக்கும். யாராவது எழுந்து நடந்தால் குரைக்கும். என்னைக் கண்டால் மட்டும் ஓடிவந்து வாலாட்டும். எங்கள் வீட்டில் நான் நுழைந்தால் என் பக்கம் திரும்புவது மேஜை ஃபேன் ஒன்றுதான். அதுவும் உடனே மறுபக்கம் திரும்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் கேட்காவிட்டால் மேனேஜரை ஏதோ ஒரு கிடங்குக்குக் காவலுக்கு அனுப்பிவிடுவார்களாம். என் மனைவிதான் வந்து சொன்னாள். மேனேஜர் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

நான் தண்ணீர் சப்ளை ஆபீசில் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவன். குழாயில் தண்ணீரே வரவில்லை என்பவரை, வராததே நல்லது என்று நம்பவைத்த கை இது. அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. எதிராளி சொல்லப்போகும் மறுப்பை நாமே முந்திக்கொண்டு எழுதி, நாமே அடித்து நொறுக்கிவிட வேண்டும். பிறகு அவருக்குப் பேச வாய் இருக்காது. அப்படி ஒரு கட்டுரை எழுதி மனைவி முன் வாசிப்பது என்று முடிவெடுத்தேன். அவள் என்ன மறுப்பு சொல்வாள் என்பதுதான் தெரியவில்லை. அவளிடமே நைசாகக் கேட்டேன்.

"பொதுவா கேக்கறேன். ஒரு வீட்டுல நாய் வளக்கணும்னா, அந்த வீட்டம்மா என்ன சொல்லி மறுப்பாங்க?"

"எந்த வீட்டுல?"

"ஏதோ ஒரு வீடு."

அவள் கத்தவில்லை. முறைக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சோழியன் குடுமி சும்மா ஆடாது.

"பேனா இருக்கா? எழுதிக்குங்க. காலையில நாயை யாரு வெளிய கூட்டிட்டுப் போறது?"

"ஆவன செய்யப்படும்."

"அதெல்லாம் ஆபீஸோட வச்சுக்குங்க. யாரு?"

"நான்."

"அப்படியே பாலும் வாங்கிட்டு வந்துடலாமே?"

"பாலுக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்?"

"நான் பால் வாங்கக் கிளம்பினா அது பின்னாடியே ஓடிவராதா? ரோட்டுல வண்டி வராதா?"

நியாயமாகத்தான் பட்டது. எழுதினேன்.

"முடி கொட்டுமே?"

"நான் கூட்டறேன்."

"துணியில ஒட்டுமே?"

"துவைக்கறேன்."

"நாய் பழகணும்னா யாராவது பக்கத்துலயே உக்காந்து தடவிக் குடுக்கணும். நான் உக்காந்துட்டா பாத்திரம்?"

"அதையும் போடு என் தலையில."

இப்போது எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. இத்தனை மறுப்புகளைத் தாராளமாக அள்ளிக்கொடுக்கிறாள் என்றால், பதிலே சொல்ல முடியாத ஒன்றை மட்டும் உள்ளே பதுக்கிவைத்திருக்கிறாள். நான் வாசித்து முடித்ததும் அதை எடுத்து வீசிக் கவிழ்ப்பதுதான் திட்டம். விடுவேனா?

"இன்னும் ஒண்ணு இருக்கு. மறைக்காதே."

"என்னத்தை மறைச்சேன்?"

"உங்கம்மா! அவங்களுக்கு நாய்னா பயம்னு கடைசியில ஆரம்பிப்பே!"

"அட, ஆமாங்க! எனக்குத் தோணவே இல்ல பாருங்க." அவள் முகம் மலர்ந்தது. "மாசத்துல பத்து நாள் இங்கயே வந்து இருந்தாத்தான் பயம் தெளியும்."

'அன்னார் வரவேற்கப்படுவார்' என்று எழுதினேன். அவள் பார்த்த பார்வையில், 'நானே பஸ் ஸ்டாப்புக்குப் போய் அழைத்துவருவேன்' என்று திருத்தினேன்.

சனிக்கிழமை மாலை நின்றுகொண்டு, கையை ஆட்டி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அவள் கடைசி வரை தலையாட்டிக் கேட்டாள். "பிரமாதம். எதிர்த்துப் பேச ஒரு வார்த்தை இல்ல. கையெழுத்துப் போடுங்க," என்றாள். போட்டேன். அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஜெயித்துவிட்டேன்! அப்பளம் போல் உப்பிப்போய்த் தூங்கினேன்.

மறுநாள் டிரைவர் அண்ணன் மேனேஜரோடு வந்தார். மேனேஜர் என்னைத் தாண்டி ஓடி என் மனைவியின் காலடியில் படுத்துக்கொண்டது.

"போராடி வாங்கினேண்ணே. இல்லேன்னா பாவம், கிடங்குக்குப் போயிருக்கும்."

"எந்தக் கிடங்கு தம்பி?"

"காவலுக்குக் கேட்டாங்களே?"

"யாரும் கேக்கலியே. போன மாசமே தங்கச்சி வந்து, இது எனக்குத்தான், வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு சொல்லிட்டாங்களே! உங்ககிட்ட சொல்லலியா?"

மனைவி பக்கம் திரும்பினேன். நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து மேனேஜரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் ஏண்டி அத்தனை மறுப்பு சொன்னே?"

"நீங்க கேட்டீங்க, சொன்னேன். நாய் வேண்டாம்னு ஒரு தடவையாவது சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

"நின்னுட்டே இருக்காதீங்க. அம்மா பஸ்ஸை விட்டு இறங்கிட்டாங்களாம். ரெண்டு பெட்டி இருக்காம், போய் வாங்கிட்டு வாங்க."

போனேன். பெட்டி நாலு இருந்தது.