தையல் மெஷின் இன்னும் வராத காரணம்

மேற்பிரிவு லயம், ஹாலிஎல
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய சம்பந்தி சிவஞானம் அவர்களுக்கு,

ஹாலிஎலயிலிருந்து தங்கள் சம்பந்தி வேலாயுதம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரி ஜெயலெட்சுமியும் அடைக்கோழி ஒன்றும் சுகம். அங்கே பூனாகலையில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை சதீஸ்குமாரும் எங்கள் மகள் தனுஜாவும் சுகமாயிருக்க அம்மன் துணை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் தாங்கள் "அதுக்கென்னங்க, பரவாயில்ல" என்று வைத்துவிடுவீர்கள். அதைக் கேட்க எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆகையால் எழுத்தில்.

கல்யாணத்தன்று பந்தலில் நாலு பேர் முன்னிலையில், "மகளுக்குத் தையல் மெஷின் நான் கொண்டாந்து இறக்குறேன்" என்று வாக்குக் கொடுத்தவன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். ஆறு மாசம் ஆகிறது. தனுஜா தையல் படித்த பிள்ளை, மெஷின் இருந்தால் வீட்டிலிருந்தே நாலு பேருக்குத் தைத்துக் கொடுத்து தன் காலில் நிற்பாள். அவள் கையூசி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும், தங்கள் அக்கா ஒருநாள் "பொண்ணு வீட்டு மெஷின் நடந்தே வருதா?" என்று கேட்டதாகவும் காதில் விழுந்தது. கேட்டதில் தப்பில்லை. பூனாகலைத் திருவிழாவுக்கு நான் வராததற்கு முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினேனே, முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கோபம் ஒன்றும் இல்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பதுளை டவுனில் மெயின் வீதிக் கடை ஒன்றுக்குப் போனேன். முப்பது வருசம் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் ஆறரை மணிப் பெரட்டுக்கு நின்ற பழக்கம், ஆறரைக்கே கடை வாசலில் நின்றுவிட்டேன், அவர்கள் திறந்தது ஒன்பதரைக்கு. உள்ளே போனதும் மூன்று பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒருத்தி கதிரை போட்டாள், ஒருத்தி சோடா கொடுத்தாள், மூன்றாவது பிள்ளை நஸ்மியா, நல்ல தமிழ் பேசுகிற பிள்ளை, "அங்கிள், இது உங்கட பேரப்பிள்ள காலத்துக்கும் ஓடும்" என்றாள். மாப்பிள்ளையாகப் போனபோதுகூட எனக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை. பில்லைப் போட்டு மெஷினைப் பெட்டியோடு கையில் கொடுத்தார்கள். கால்மேசையை லொறியில் அனுப்பினார்கள்.

சனிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஜெயலெட்சுமி உட்கார்ந்து மிதித்தாள். சக்கரம் சுத்துது சம்பந்தி, ஊசி அசையல. மிதிக்க மிதிக்க சக்கரம் பாட்டுக்கு ஓடுது, ஊசி பாட்டுக்கு நிக்குது. லயத்துல உள்ளவங்க எல்லாம் வந்து பாத்து ஆளுக்கொரு யோசனை சொன்னாங்க. ஒருத்தர் வாஸ்துன்னாரு, ஒருத்தர் கிரீஸ்னாரு. எதுக்கும் கைய வைக்காதீங்க, கடையில மாத்திக் குடுப்பான்னு நான்தான் அதிகாரமா சொன்னேன்.

திங்கக்கிழமை தூக்கிட்டுப் போலாம்னா பெட்டியக் காணோம். ஜெயலெட்சுமி அதுக்குள்ள சாக்கு விரிச்சு, பதினோரு முட்ட வச்சு, கோழிய அடைக்கு உக்கார வச்சிருக்கா. நல்ல கனமான பெட்டி, குளிர் உள்ள போகாதாம். சரின்னு மெஷின அவ பழைய சேலையில சுத்தி, மடியில வச்சுக்கிட்டு பஸ்ல போனேன். ஒரு பொம்பள எந்திரிச்சு இடம் குடுத்து, "புள்ளைக்குக் காய்ச்சலா?"ன்னு கேட்டா. ஆமாங்கன்னுட்டேன், விளங்கப்படுத்த எனக்குத் தெம்பில்ல.

கடையில போன தடவ ஓடி வந்த மூணு பேர்ல ரெண்டு பேருக்கு என்னத் தெரியவே இல்ல. கதிரையுமில்ல, சோடாவுமில்ல. நஸ்மியா மட்டும் வந்து, "பழுது பாக்கிறவர் வியாழக்கிழமதான் வருவார் அங்கிள், பில்லோட பெட்டியும் கட்டாயம் வேணும், பதினாலு நாளைக்குள்ள வந்தா மாத்தலாம்"னு சொன்னா. வெளிய வர்றப்ப வாசல்ல ஒரு சின்ன டிவி மாதிரி, அதுல மூணு மூஞ்சி, சிரிக்கிறது, சும்மா இருக்கிறது, அழுகிறது. சேவை எப்படின்னு ஒண்ண அமத்தணுமாம். நான் கண்ணாடிய எடுத்து மாட்டுறதுக்குள்ள செக்யூரிட்டி சிரிக்கிற மூஞ்சிய அமத்திட்டாரு.

வியாழக்கிழம போனேன். பழுது பாக்கிறவர் மச்சினிச்சி கல்யாணத்துக்கு வெலிமடைக்குப் போயிட்டாராம். மனேஜர் வந்தாரு, சேலைய விலக்கி எட்டி நின்னு பாத்தாரு. "இது பாவிச்ச சாமான், மஞ்சளும் செவப்புமா கறை இருக்கு" அப்படின்னாரு. "பாவிக்கலங்க, கும்பிட்டிருக்கோம்"னேன். நஸ்மியா அத சிங்களத்துல எடுத்துச் சொன்னா. மனேஜர் ரொம்ப நேரம் யோசிச்சு, கும்பிட்டதுக்கு வொரண்டி இருக்கான்னு மேலிடத்துல கேக்கணும்னாரு. கேக்கட்டும்.

இடையில கடை நம்பருக்கும் போன் போட்டுப் பாத்தேன். தமிழுக்கு ரெண்ட அமத்தச் சொன்னாங்க, அமத்தினேன், முக்கா மணித்தியாலம் வயலின் வாசிச்சாங்க. வயலினும் மோசமில்ல. அதுக்குப் பிறகு தன்பாட்டுல கட் ஆகி ஒரு மெசேஜ் வந்துச்சு, தங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது, நன்றின்னு. நான் இன்னும் முறைப்பாட்டச் சொல்லவே இல்லையே சம்பந்தி!

பெட்டிக்கு என்ன செய்யிறது? ஜெயலெட்சுமிகிட்ட கோழிய எழுப்பச் சொன்னேன். "அடையில இருக்கிறத எழுப்புனா அத்தனையும் கூமுட்ட, அந்தப் பாவம் நமக்கு வேணாம், ஒங்க கடைக்காரனப் பொறுக்கச் சொல்லுங்க"ன்னுட்டா. கடைக்காரன் குடுத்தது பதினாலு நாள். கோழிக்கு வேணும் இருபத்தொரு நாள். நான் நடுவுல நிக்கிறேன். நேத்து நாலாந் தடவ போயி அத அப்படியே சொன்னேன். நஸ்மியாவுக்கு விளங்கிருச்சு, அவ வீட்டுலயும் கோழி இருக்காம், எனக்காக மனேஜர்கிட்ட மன்றாடினா, தங்கமான பிள்ள. மனேஜர் கம்ப்யூட்டரப் பாத்தாரு. பதினாலு நாள் தாண்டிருச்சு, சிஸ்டம் எடுக்காதாம். நம்ம தோட்டத்துல தொரை மாட்டேன்னா பெரிய தொரைகிட்டப் போவோம், பெரிய தொரை மாட்டேன்னா யூனியனுக்குப் போவோம். சிஸ்டம் மாட்டேன்னா எங்க போறதுன்னு மனேஜருக்கே தெரியல, பாவம்.

ஆகவே சம்பந்தி, முடிவாக எழுதுகிறேன். கடன உடன வாங்கியாவது வேறு கடையில் வேறு மெஷின் எடுத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்குவேன். மெஷின் இல்லாமல் பூனாகலை மண்ணை மிதிக்கமாட்டேன், இது சத்தியம். எங்கள் பிள்ளையை இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருக்கும் தங்கள் பெருந்தன்மைக்குக் கைகூப்புகிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகள் இருவருக்கும் ஆசி, தங்கள் அக்காவுக்கும் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
அ. வேலாயுதம்
(ஓய்வுபெற்ற கங்காணி)

பி.கு.: சம்பந்தி, மேல எழுதினதெல்லாம் விட்டுத்தள்ளுங்க. கவர ஒட்டப்போற நேரம் தனுஜா எனக்குப் போன் எடுத்தா, கடைக் கதையச் சொன்னதும் அவளால மறைக்க முடியல. நீங்க போன மாசமே அவளுக்கு ஒரு மெஷின் வாங்கிக் குடுத்திட்டீங்களாம், அதுவும் அதே கடையிலயாம். "அப்பாவுக்குச் சொல்லிறாதம்மா, மனசு சங்கடப்படுவாரு"ன்னு அவ வாயவும் கட்டிட்டீங்களாம். அதுலயும் மொத நாள் ஊசி அசையலையாம். சக்கரத்துக்கு நடுவுல ஒரு திருகு இருக்காம், நூல் சுத்துறப்ப அத இளக்கிவிடுறதாம், கடையில இளக்கினபடியே குடுத்திர்றாங்களாம், இறுக்கினா சரியாம். போனக் கையில வச்சுக்கிட்டே எங்க மெஷின்லயும் இறுக்கினேன். ஓடுது. மூணு தடவ தூக்கிட்டுப் போனேனே, அந்தக் கடையில ஒருத்தர் வெரல் அதுல படலையே! எனக்கு சிரிப்பும் வருது, உங்கள நெனச்சா அழுகையும் வருது. ஜெயலெட்சுமி அப்ப மிதிக்க உக்காந்தவ இன்னும் எந்திரிக்கல, ஜன்னல் சீலைய முடிச்சிட்டு தலகாணி உறைக்கு வந்துட்டா, இந்த மெஷின் இந்த வீட்ட விட்டுப் போகாதுங்கிறா. ஆகையினால ஞாயித்துக்கிழம நான் வெறுங்கையோடதான் வருவேன். ஒரே ஒரு உதவி சம்பந்தி. உங்க வீட்டுல நிக்கிற மெஷினப் பத்தி அக்கா கேட்டா, பொண்ணோட அப்பன் கொண்டாந்து இறக்கினதுன்னு சொல்லிருங்க.