பங்கருக்குள் போன பதினெட்டு நிமிடம்

உலக இலக்கியத்தைக் காப்பாற்றும் பொறுப்பு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வோர் ஊருக்குக் கிடைக்கிறது. ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி மாதம் அது யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க்குக் கிடைத்தது. நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை.

நான் நாகலிங்கம். அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவன். ‘காதல் இலக்கிய வாசகர் வட்ட’த்தின் செயலாளர். அந்த நாட்களில் ஊரில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, சவர்க்காரம் இல்லை. ஆனால் எங்களிடம் ஒரு தலைவர் இருந்தார், மூன்று உபதலைவர்கள் இருந்தார்கள், கூட்ட அறிக்கைப் புத்தகம் இருந்தது. ஒரு சமூகம் தலைநிமிர்ந்து நிற்க வேறென்ன வேண்டும்?

நாவலும் ஒன்று இருந்தது. ‘கைக்குட்டையின் ஓரத்தில்’ என்று பெயர். இந்திய வார இதழ் ஒன்றில் தொடராக வந்தது. போரால் பாதை பூட்டுப்படுமுன் வந்துசேர்ந்த இதழ்களிலிருந்து அதைக் கிழித்தெடுத்து, சாக்கூசியால் தைத்துப் புத்தகமாக்கியவள் குணலட்சுமி. எங்கள் தலைவர் பஞ்சலிங்கம் மாஸ்ரரின் ஒரே மகள், கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை, வயது இருபத்தொன்பது. இருபத்துமூன்று உறுப்பினர்களுக்கும் அந்த ஒரு பிரதிதான். முறைவைத்து வாசித்தோம், ஜாம் போத்தல் விளக்கில் கண் எரிய வாசித்தோம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மூன்று உபதலைவர்களின் கண்ணீரும் தனித்தனியே காய்ந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது? சாருமதி பெரிய குடும்பத்துப் பெண். முகிலன் கடிகாரம் திருத்துகிறவன். வீட்டார் மறுக்கிறார்கள். பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்க ஊரில் ஒருவரும் வரவில்லை. அப்போது கொட்டும் மழையில், குடையோடு, நூலகர் அனந்தராமன் என்ற கிழவர் வருகிறார். ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். அவ்வளவுதான். அதை நான் கூட்டங்களில் பதினொரு தரம் உரக்க வாசித்திருக்கிறேன். ‘செயலாளர் வாசித்தார், சபை கலங்கியது’ என்று பதினொரு தரம் அறிக்கையில் இருக்கிறது. எனக்கும் அனந்தராமனுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

என் மனைவி இரத்தினம்மாவுக்கு மட்டும் இலக்கிய இரசனை கிடையாது. “உந்தக் கண்ணீரைத் துடைச்சுப்போட்டு மண்ணெண்ணை வரிசைக்குப் போங்கோ” என்பாள். இலக்கியவாதிகளின் வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது உலக வழக்கம்.

இந்த நிலையில்தான் எங்கள் உபதலைவர்களில் ஒருவரான நீக்கிலாப்பிள்ளை அந்தச் செய்தியோடு வந்தார். மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்தபோது, மற்றவர்கள் சட்டி பானையைத் தூக்க, தன் வர்ணத் தொலைக்காட்சியைத் தோளில் சுமந்து வந்த மனிதர் அவர்.

“செயலாளர், விஷயம் தெரியுமோ? எங்கடை நாவலைப் படமாக்கிப் போட்டாங்களாம். வீடியோக் கசற்றும் வந்திட்டுது.”

எப்படி வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. ‘இலக்கியம் எந்தக் கடலையும் கடக்கும்’ என்று மட்டும் அறிக்கையில் எழுதினேன்.

உடனே மூன்று உபகுழுக்கள் அமைக்கப்பட்டன. நீக்கிலாப்பிள்ளையின் தொலைக்காட்சியையும் ஒரு வீடியோ டெக்கையும் வாசிகசாலைக்குக் கொண்டுவர ஒரு குழு. பகல் இரண்டு மணிக் காட்சி என்பதால் யன்னல்களைச் சாக்கால் மறைக்க ஒரு குழு. மூன்றாவது, ‘ஒழுக்கப் பாதுகாப்புக் குழு.’ அதில் தலைவர் பஞ்சலிங்கம் மாஸ்ரர் ஒருவரே உறுப்பினர். அவருடைய ஆயுதம் ஒரு பச்சைக்கோட்டுத் துவாய். காதலர் இருவருக்கும் இடையில் ஒரு முழத்துக்குக் குறைந்த தூரம் ஏற்படும் தருணங்களில் அதைத் தொலைக்காட்சியின் மேல் விரிப்பது அவர் கடமை.

மின்சாரத்துக்கு உடுவிலிலிருந்து நேசராஜாவைப் பிடித்தோம். வானொலி, நீரிறைக்கிற மெசின் எல்லாம் திருத்துகிற முப்பது வயதுப் பெடியன். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். சின்ன ஜெனறேற்றர் ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து, வாசிகசாலை வாசலோரம் இறக்கினான். மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனறேற்றர். ஆனால் இயக்கத் தொடங்கும்போது நாலு துளி பெற்றோல் வேண்டும். அவனிடம் அந்த நாலு துளிதான் இருந்தது. மருந்து ஏற்றுகிற ஊசியில் உறிஞ்சி வைத்திருந்தான்.

படம் தொடங்கியது. முதல் இடி, பெயர். ‘கைக்குட்டையின் ஓரத்தில்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘தீப்பொறி மாப்பிள்ளை’ என்று வந்தது. சபை முணுமுணுத்தது. நாவலில் குரலுயர்த்திப் பேசாத முகிலன், படத்தில் ஓடுகிற ரயிலின் கூரையில் பதினான்கு பேரை அடித்தான். கடிகாரம் எங்கே என்று கேட்டார் ஓர் உபதலைவர். பதினைந்தாமவனின் கையில் கட்டியிருந்தது. பிறகு சாருமதி பனிமலையில் பாட்டுப் பாடினாள். துவாய் விழுந்தது. அந்தப் பாட்டு முழுவதையும் பச்சைக் கோடுகளாகவே கண்டு களித்தோம்.

வீட்டார் மறுக்கிற கட்டம் வந்தது. மழை பெய்யத் தொடங்கியது. நான் கைக்குட்டையை எடுத்தேன். அப்போதுதான் ஆமி ஹெலிகொப்ரரின் சத்தம் கேட்டது.

வாசிகசாலைக்குப் பக்கத்திலேயே பதுங்குவதற்குப் பங்கர் இருக்கிறது. பதவி வரிசைப்படி இறங்கினோம்: தலைவர், செயலாளர், உபதலைவர்கள், உறுப்பினர்கள். இருட்டில், மண் உதிர, ஒருவர் முழங்கால் மற்றவர் முதுகில் முட்ட இருந்தோம். ஹெலி மூன்று தரம் சுற்றியது. சுட்டது எங்கேயோ வயல்பக்கம். என் கடிகாரத்தின்படி பதினெட்டு நிமிடம்.

திரும்பி வந்து பார்த்தால், படம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சாருமதிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். முகிலன் ஓர் ஆலைக்கு முதலாளி. எல்லோரும் வரிசையாக நின்று சிரித்தார்கள். ‘வணக்கம்’ என்று போட்டது. அத்தோடு மண்ணெண்ணெயும் முடிந்தது.

அனந்தராமன் எங்கே? குடை எங்கே? நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் எங்கே?

ஒரு வாரம் நான் சாப்பிடவில்லை, அதாவது இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடவில்லை. நான்கு பக்கக் கண்டனத் தீர்மானம் எழுதினேன். ‘அன்புக்குச் சாட்சியாக நின்ற ஓர் உன்னத மனிதரை ஈவிரக்கமின்றி வெட்டி வீசிய இயக்குநரின் இதயம் கல்லா, இரும்பா என்று இவ்வட்டம் அறிய விழைகிறது’ என்பது முதல் பக்கத்தின் முதல் வாக்கியம். மற்றப் பக்கங்களில் இன்னும் காரம்.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். தீர்மானத்தை நான் வாசித்தேன். சபை கலங்கியது. ஏகமனதாக நிறைவேறியது. அப்போது, ஜெனறேற்றரின் வயரை எடுக்க வந்து வாசலில் நின்ற நேசராஜா தொண்டையைச் செருமினான்.

“சேர், ஒரு சொல்லு. அந்தக் கிழவன் படத்திலை வந்தவர்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “எப்ப?”

“நீங்கள் எல்லாரும் பங்கருக்குள்ளை இருக்கேக்கை. வந்து கையெழுத்து வைச்சுப்போட்டுப் போனவர்.”

“நீர் ஏன் பங்கருக்கு வரேல்லை?”

“ஜெனறேற்றரை நிப்பாட்டினால் திருப்பி ஸ்ராட் பண்ணப் பெற்றோல் இல்லை சேர். படம் குழம்பிப் போயிடும் எண்டு நிண்டனான்.”

“நீர் வட்டத்தின்ரை உறுப்பினரோ?”

“இல்லை சேர்.”

“அப்ப நீர் பாத்தது கணக்கிலை வராது. செயலாளர், தீர்மானம் நிற்கிறது.”

நான் ‘தீர்மானம் நிற்கிறது’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“நானும் பாத்தனான் அப்பா. குடையோடைதான் வந்தவர்.”

குணலட்சுமி எழுந்து நின்றாள். அவள் உறுப்பினர். அவள் பார்த்தது கணக்கில் வரும்.

தலைவரின் குரல் மெலிந்தது. “நீ பங்கருக்குள்ளை இருக்கேல்லையோ?”

“இல்லை.”

“எங்கை நிண்டனி?”

“வாசலிலை. இவரோடை.”

“ஹெலி தலைக்கு மேலை சுத்தேக்கையோ?”

“ஓம்.”

“ஏன் பிள்ளை?”

அவள் நேசராஜாவின் பக்கம் திரும்பினாள். “இவர் தனிய நிண்டவர்.”

காதல் இலக்கிய வாசகர் வட்டம் அன்று கலங்கவில்லை. ஒருவரும் கைக்குட்டையை எடுக்கவில்லை. எல்லோரும் தங்கள் செருப்பைத் தேடினார்கள். ‘தலைவரின் தேக சுகவீனம் காரணமாகக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதினேன். அறிக்கை எழுதுவதில் எனக்கு இணையில்லை.

அந்த வாரமே தலைவர் வட்டத்தின் மேன்மைக்கேற்ப நடந்துகொண்டார். மகளைச் சங்கக்கடைக்குப் போகவேண்டாம் என்று மறித்தார். சுவிஸிலிருந்து ஒரு மாப்பிள்ளை பேசி முடிந்துவிட்டது என்று அறிவித்தார். சாதகம் பொருந்தியதாம். மாப்பிள்ளையின் பெயர் மட்டும் அவருக்குச் சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு காலையில், எங்கள் கொல்லை வேலியில் ஆள் நுழைகிற ஓட்டையான பொட்டால் குனிந்து குணலட்சுமி வந்தாள். தலையில் வேலி ஓலைத் தும்பு ஒட்டியிருந்தது. நான் கதிரையில் இருந்து நாவலைப் பன்னிரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தேன். இரத்தினம்மா அடுக்களை வாசலில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள்.

“மாமா, வாற புதன்கிழமை நாங்கள் பதியப் போறம்.”

“ஆரோடை?” என்று கேட்டேன். கிளாக்கர் வேலையில் தெரிந்ததையும் கேட்டு உறுதிசெய்வது முறை.

“நேசராஜாவோடை. ரெண்டு சாட்சி வேணும் மாமா. அவரின்ரை பக்கத்தாலை செபநாயகம் அண்ணை வாறார். என்ரை பக்கத்தாலை ஒராள் வேணும். எங்கடை ஆக்கள் ஒராளும் வராட்டி, என்னை இழுத்துக்கொண்டு போயிட்டான் எண்டு ஊர் கதைக்கும். அவருக்குத்தான் அது கூடாது.”

நான் நாவலை மூடி மடியில் வைத்தேன்.

“பிள்ளை, நான் செயலாளர்.”

“அதுக்கு?”

“செயலாளர் எண்டால் நடுநிலைமை.”

“அனந்தராமன்ரை பக்கத்தை நீங்கள் வாசிக்கேக்கைதான் மாமா எனக்கு முதல்முதல் துணிவு வந்தது. உங்களிட்டைத்தான் கேக்கவேணும் எண்டு நினைச்சனான்.”

“அது நாவல் பிள்ளை. நாவலிலை அனந்தராமனுக்கு மேலை தலைவர் எண்டு ஒராள் இல்லை. எனக்கு உன்ரை அப்பா இருக்கிறார். கொப்பரோடை முப்பது வருஷப் பழக்கம். நாளைக்கு நான் எந்த முகத்தோடை கூட்டத்துக்குப் போறது?”

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு விம்மி அழுகிற பெண் அவள், நானே பார்த்திருக்கிறேன். அன்று அழவில்லை. “சரி மாமா, போட்டு வாறன்” என்று சொல்லி, வந்த பொட்டாலேயே குனிந்து போனாள். எனக்கு ஏனோ வியர்த்தது. ஆவணி வெயில் அப்படி.

இரத்தினம்மா மிச்ச இலையையும் உருவி முடித்தாள். முருங்கையிலையில் பாதிக் காம்பு கிடந்தது. அன்று அதையும் சேர்த்தே சுண்டினாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு இரத்தினம்மா நீலப் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டாள். எங்கே என்று கேட்டேன். “வாறன்” என்றாள். மத்தியானம் தாண்டித் திரும்பி வந்து, செம்பில் தண்ணீர் எடுத்து நின்றபடியே முழுவதையும் குடித்தாள்.

“எங்கை போனனி?”

“பதிவுக் கந்தோருக்கு.”

“அங்கை என்ன வேலை?”

“ஒரு சாட்சி குறைஞ்சது.”

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். “நீ அந்த நாவலிலை ஒரு பக்கமும் வாசிக்கேல்லையே!”

“நாவலிலை கையெழுத்து வைக்கச் சொல்லேல்லை. பதிவுகாரரின்ரை கொப்பியிலைதான்.”

“மாஸ்ரர் என்ன நினைப்பார் எண்டு யோசிச்சனியோ?”

“யோசிச்சனான். எனக்கும் பயம்தான். ‘இரத்தினம்மா’விலை ஒரு எழுத்து விட்டுப்போச்சு. திருப்பி எழுத வேண்டியதாப் போச்சு. பதிவுகாரர் பறவாயில்லை அக்கா எண்டார்.” செம்பைக் கவிழ்த்து வைத்தாள். “நீங்கள் கூட்டம் கூட்டமெண்டு திரிஞ்ச நாளெல்லாம், சங்கக்கடை வரிசைக்குப் பிந்திப் போன எனக்கு மண்ணெண்ணையை எடுத்து வைச்சுத் தந்தது அந்தப் பிள்ளை. ஒரு நாளும் முடிஞ்சுதெண்டு திருப்பி அனுப்பேல்லை. அவள் கேட்டுவந்த ஒண்டை நான் எப்பிடி முடிஞ்சுதெண்டு அனுப்புறது? சோறு போடட்டோ?”

நாவலைப் புரட்டி இதற்கொரு மேற்கோள் தேடினேன். சோறு சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு கூட்டம் கூடியது. தலைவருக்குச் சவரம் செய்ய மனம் வரவில்லை போலும். ஆனால் நிகழ்ச்சிநிரல் ஒழுங்காக இருந்தது. முதலாவது, இயக்குநருக்கான கண்டனத் தீர்மானத்தை அடுத்த கப்பலில் அனுப்புவது. ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாவது, ‘வட்டத்தின் கௌரவத்துக்கு ஊறு விளைவித்த’ குணலட்சுமியை உறுப்புரிமையிலிருந்து நீக்குவது. அதுவும் ஏகமனது. இரண்டையும் எழுதியவன் நான். இரண்டுக்கும் என் கையும் உயர்ந்தது.

மூன்றாவதாகத் தலைவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: “செயலாளர், உம்மடை மனிசியை என்ன செய்யிறது?”

விதிகளைப் புரட்டினேன். என்ன செய்ய, அவளை நீக்க வழியே இல்லை. ‘காதலில் ஆழ்ந்த ஈடுபாடு உடையோர் மட்டுமே இவ்வட்டத்தில் உறுப்பினராகலாம்’ என்று மூன்றாம் விதி சொல்கிறது. இரத்தினம்மா எந்தக் காலத்திலும் உறுப்பினராக இருந்ததில்லை. உள்ளே நாங்கள் இருபத்திரண்டு பேர் பத்திரமாக இருக்கிறோம்.