சிரித்த அலமாரி

நான் ஓர் அடுக்களையைப் புதுப்பித்தேன். பார்க்க லட்சணமாக இருக்கும். அதில் சமைக்க மட்டும் முடியாது. (மற்றபடி குறை சொல்ல இடமில்லை.)

அரசு அலுவலகம் ஒன்றின் ஒப்பந்தப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மேசையைத் தாண்டிப் பாலம் வந்திருக்கிறது, பள்ளிக்கூடக் கழிப்பறை வந்திருக்கிறது, மழைக்கு ஒழுகாத நெல் கிட்டங்கிகூட ஒன்று வந்திருக்கிறது. மூன்று விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், ஆகக் குறைந்த தொகை, பணி ஆணை. இந்த வரிசையில் போனால் எந்தக் காரியமும் கெடாது என்று நம்பியிருந்தேன். இந்த வரிசையில் போனால் கெடாமல் இருப்பது கோப்புதான், காரியம் அல்ல என்பது ஓய்வு பெற்ற பிறகே விளங்கியது. அதுவும் என் சொந்த வீட்டில்.

நாகர்கோவிலை ஒட்டிய எங்கள் வீட்டின் அடுக்களை என் அப்பா காலத்தது. கரி ஏறிய சுவர், ஒற்றை ஜன்னல், மூலையில் விறகடுப்பு, அதன் பக்கத்தில் பிற்பாடு வந்து ஒண்டிக்கொண்ட கேஸ் அடுப்பு. ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும். நான் ஒருநாளும் உள்ளே நின்றதில்லை என்பதால் எனக்கு அது நெருக்கடியாகத் தெரிந்ததில்லை.

என் மனைவி எமிலிக்குத் தெரிந்தது. அவளுக்கு அதில் மானப் பிரச்சினையே இருந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அக்கா தங்கைகள் ஒரே வீட்டில் கூடி, எல்லா வீடுகளுக்கும் சேர்த்துப் பலகாரம் சுடுவார்கள். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் மலைபோலக் குவியும். இதற்கென்றே என் மாமியார் ஓர் உருளி வைத்திருந்தார். இரண்டு காதும் பிடித்து இருவர் தூக்க வேண்டிய, வாய் அகன்ற வெண்கலப் பாத்திரம். அது எந்த வீட்டு அடுப்பில் ஏறுகிறதோ அந்த வீட்டுக்காரி சொல்வதுதான் அன்றைக்குச் சட்டம்.

மாமியார் காலமானதும் முறைப்படி உருளி மூத்த மகளான எமிலியிடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் அடுக்களையில் அதை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. அது அடுத்தவள் புஷ்பத்தின் வீட்டுக்குத் தோவாளைக்குப் போய்விட்டது. புஷ்பத்தின் கணவர் வளைகுடாவில் சம்பாதித்துக் கட்டிய பெரிய வீடு. அதன்பின் ஒவ்வொரு டிசம்பரிலும் மூத்தவள் பஸ் ஏறிப் போய், "எக்கா, நீ அந்த மூலைல இருந்து உருட்டு" என்ற தங்கையின் உத்தரவை ஏற்று, முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடித்துவிட்டுத் திரும்புவாள். வந்ததும் அன்றைக்கு என்னோடு பேச மாட்டாள். களைப்பு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம் எமிலி சொன்னாள்: "இந்தக் கிறிஸ்மஸுக்கு உருளி நம்ம வீட்டுக்கு வரணும். முன்னால நீங்க என்ன மினுக்கு வேணும்னாலும் மினுக்குங்க. பின்னால தகரம் போட்டு ஒரு வொர்க் ஏரியா வேணும். அதுல ஒரு வெறவடுப்பு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள் வீடு கட்டினால் அடுக்களை இரண்டு கட்டுவார்கள். முன்னால் இருப்பது வருகிறவர்களுக்குக் காட்ட. அதில் பால்கூடக் காய்ச்ச மாட்டார்கள், கறை பட்டுவிடும். பின்னால் இருப்பது வொர்க் ஏரியா. சோறு, மீன், அடி, பிடி எல்லாம் அங்கேதான். புஷ்பத்தின் முன் அடுக்களையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் இருக்கும் தணிக்கையாளன் பல்லைக் கடிப்பான்.

"ஒரு குடும்பத்துக்கு ரெண்டு அடுக்களையா? ஆடிட்ல மாட்டும்" என்றேன்.

"எந்த ஆடிட்டுல?"

"பொதுவா சொன்னேன்."

கொள்முதல் குழு அமைத்தேன். தலைவர் நான். உறுப்பினர் செயலர் நான். வெளி உறுப்பினராகப் பெங்களூரில் இருக்கும் மகனைத் தொலைபேசி வழியாகச் சேர்த்துக்கொண்டேன். அவன் எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்றான். எமிலியைச் சேர்க்கவில்லை. அவள் பயனாளி. பயனாளியைக் குழுவில் சேர்த்தால் பாரபட்சம் வந்துவிடும்.

முதல் கூட்டத்திலேயே வொர்க் ஏரியாவை இரட்டிப்புச் செலவு என்று தள்ளுபடி செய்தேன். உள்ளே ஆள் நிற்க இடம் கிடைக்கும் என்று பழைய விறகடுப்பை இடிக்கவும் உத்தரவிட்டேன். இடித்த கல்லும், சுவரிலிருந்து பிடுங்கிய பழைய மரத் தட்டுகளும் கொல்லையில் குவிந்தன. அவற்றை முறைப்படி ஏலம் விட எண்ணம். ஓய்வூதியத்தில் மரப்பலகை அலமாரி கட்டுப்படியாகாது என்பதால் பிவிசி பிளாஸ்டிக் அலமாரிக்கு மூன்று பேரிடம் மூடி முத்திரையிட்ட விலைப்புள்ளி கேட்டேன். வேலை ஆகக் குறைந்த தொகை கேட்டவருக்குப் போனது. எதைச் சொன்னாலும் சிரித்த முகத்தோடு ஒத்துக்கொள்ளும் மனிதர் அவர்.

"தண்ணில ஊறாதே?"

"ஊறவே ஊறாது சார்."

"கரையான்?"

"கிட்ட வராது சார்."

என் நிபந்தனைப் பட்டியலில் தண்ணீரும் கரையானும்தான் இருந்தன. நெருப்பைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுக்களைக்கு வேலை கொடுத்துவிட்டு நெருப்பை மறந்த ஒரே கண்காணிப்பாளர் நானாகத்தான் இருப்பேன்.

"அடுப்புக்கு மேல பொகை உறிஞ்சுத சிம்னி வச்சிரலாமா சார்?"

"ஜன்னல் இருக்குல்லா."

"அப்ப வேண்டாம் சார்."

"அந்த எடம் சும்மா கெடக்க வேண்டாம். அங்கயும் ஒரு அலமாரி வையும்."

"வச்சிரலாம் சார்."

மேடையின் உயரத்தை ஒரு கையேட்டிலிருந்து எடுத்தேன். சராசரி உயரமுள்ள ஆளுக்கு என்று அதில் போட்டிருந்தது. மேடை எழும்பியதும் எமிலி அதன் முன்னால் போய் நின்றாள். அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது.

"இது யாருக்குக் கெட்டினது?"

"சராசரி உயரம். புத்தகத்துல உள்ளது."

"அந்தச் சராசரியக் கூட்டிட்டு வாங்க. அவ வந்து பொங்கட்டும்."

ஏறி நிற்க ஒரு பலகை செய்து கொடுத்தேன். (கூடுதல் பணி. தனி ஆணை.) அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில், பிரிவு உபசார விழாவில் அலுவலக நண்பர்கள் கொடுத்த வெள்ளைப் பீங்கான் தட்டுகளை நானே அடுக்கினேன். சபை ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) வந்து ஜெபம் செய்தார். நல்ல நீளமான ஜெபம். வெள்ளம், வியாதி, விஷ ஜந்து எல்லாவற்றிலிருந்தும் பாதுகாப்புக் கேட்டார். வெப்பம் அவர் பட்டியலிலும் இல்லை.

பலகார நாள் வந்தது. தோவாளையிலிருந்து ஆட்டோவில் உருளி வந்து இறங்கியது. பின்னால் புஷ்பமும் கடைசித் தங்கை லில்லியும். எமிலி வாசலுக்கு ஓடிப்போய் உருளியை முந்தானையால் துடைத்தாள். தங்கைகளை அதற்குப் பிறகுதான் 'வாங்கட்டி' என்றாள்.

புஷ்பம் புது அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள். "நல்லாருக்கு எக்கா. ஆசுத்திரி மாதிரி இருக்கு. வொர்க் ஏரியா எங்க?"

எமிலி என்னைப் பார்த்தாள். நான் இரட்டிப்புச் செலவுக் கோட்பாட்டை விளக்கினேன்.

"எங்க வீட்டு முன் அடுக்களைல நான் வெந்நிகூட போட்டதில்ல அத்தான்" என்றாள் புஷ்பம்.

"அதைத்தான் நானும் சொல்லுகேன். வீண்செலவு."

எமிலி தேங்காய் எண்ணெய் டின்னைத் திறந்தாள்.

உருளியை அடுப்பில் ஏற்றினோம். இரண்டு பர்னரையும் மூடிக்கொண்டு, சட்டசபையில் ஆளுங்கட்சி உட்காருவதுபோல உட்கார்ந்தது. அதன் விளிம்புக்கும் என் அலமாரிக்கும் இடையே கரண்டியைப் படுக்கவைத்துத்தான் நுழைக்க முடிந்தது. இடைவெளியை நான் குக்கரை வைத்து அளந்திருந்தேன். சகோதரிகள் மூவரும் உயரத்தில் ஒரே அச்சு. ஆகவே மூவரும் பலகையில் வரிசையாக ஏறி, சுவரைப் பார்த்துப் பாடும் பாடகர் குழுபோல நின்று வேலை தொடங்கினார்கள். சிறுபயறு மாவும் வெல்லப்பாகும் சேர்ந்த உருண்டைகள் மாவில் முங்கி எண்ணெயில் இறங்கின. முதல் ஈடு பொன்னிறமாக வந்தது. எமிலி அதை எடுத்து, லில்லியிடம் ஒன்று, புஷ்பத்திடம் ஒன்று கொடுத்தாள். அன்றைக்கு முதன்முறையாக அவள் முகத்தில் மூத்தவளின் களை தெரிந்தது. எனக்கும் ஒன்று கிடைத்தது.

நான் வாசலில் நின்று அதைத் தின்றபடி காற்றோட்டத்தின் தத்துவத்தை எடுத்துச் சொன்னேன். இரண்டு பர்னரும் முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் வந்தது.

"எண்ணெ பழசா எக்கா?" என்றாள் புஷ்பம், மிகவும் அன்பாக.

"நேத்து ஆட்டின எண்ணெயாக்கும்."

லில்லிதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல், வீட்டுக்கு யாரோ வந்திருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"அத்தான், ஒங்க அலமாரி சிரிக்கல்லா செய்யுது."

சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அடிப்பலகை நனைந்த அப்பளமாக நடுவில் தொய்ந்துவிட்டது. கதவின் கீழ்விளிம்பு இரண்டு பக்கமும் மேலே சுருண்டு, நடுவில் ஒரு வாய் திறந்திருந்தது. அந்த வாய்க்குள் என் பிரிவு உபசாரத் தட்டுகள் பல்வரிசையாக மின்னின.

"யாரும் தொட வேண்டாம். மொதல்ல காரணம் என்னன்னு பாக்கணும்" என்றேன்.

எமிலி காரணம் பார்க்கவில்லை. கேஸை அணைத்தாள், தங்கைகளைப் பலகையிலிருந்து இழுத்து இறக்கினாள். அவர்கள் வாசலுக்கு வரவும், அலமாரியிலிருந்து ஒரு பல் விழவும் சரியாக இருந்தது. ஒரே ஒரு தட்டு, நிதானமாகச் சறுக்கி வந்து உருளிக்குள் இறங்கியது. எண்ணெய் சுவரெல்லாம் தெறித்தது. முந்திரிக்கொத்துகளுக்கு நடுவே அது முங்கி அடியில் உட்கார்ந்தது. பொன்னிறம் வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் இதற்கு இடம் இல்லை.

புஷ்பம்தான் முதலில் பேசினாள். "சாரமில்ல எக்கா, போனா போவுது. எண்ணெ ஆறட்டும். எல்லாத்தையும் ஆட்டோல ஏத்தி நம்ம வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். அங்க வொர்க் ஏரியா இருக்குல்லா."

இரக்கத்தோடுதான் சொன்னாள். அந்த இரக்கத்தில் எமிலியின் முகம் சுண்டிப்போனது. இப்போது ஆட்டோவில் ஏறினால் உருளி இனித் திரும்பாது. அது எனக்கே புரிந்தது என்றால் எவ்வளவு வெளிச்சமான விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"உருளி ரோட்டுக்கு எறங்காது" என்றாள் எமிலி. "பின்வாசலுக்குத்தான் எறங்கும். ஏட்டி லில்லி, கொல்லைல அடுப்புக்கல்லு கெடக்கு. மூணு எடு."

இடித்துப் போட்ட பழைய விறகடுப்பின் கற்கள் பலாமரத்தடியில் மறுபடி அடுப்பாயின. எமிலி பழைய மரத் தட்டுகளைக் காலால் மிதித்து ஒடித்தாள்.

"அது ஏலத்துக்கு வச்சிருக்கது" என்றேன்.

"ஏலம் முடிஞ்சாச்சு. நான் எடுத்தாச்சு."

எண்ணெய் ஆறியதும் தட்டை வெளியே எடுத்தார்கள். கீறல்கூட இல்லை. (நல்ல தட்டு. அதை வாங்கியது நான் இல்லை.) உருளியைத் துடைத்துப் புது எண்ணெய் ஊற்றிக் கல்லில் ஏற்றினார்கள். தீ பிடித்தது. மூவரும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகு உயரப் பிரச்சினை எதுவும் இல்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"நீங்க என்னத்துக்கு நிக்கிய? அந்த மூலைல இருந்து உருட்டுங்க" என்றாள் எமிலி.

உட்கார்ந்து உருட்டினேன். புஷ்பம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். உத்தரவு போடுகிற இடம் கைமாறிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பிடித்த உருண்டைகளில் ஒன்று எலுமிச்சை அளவில் இருந்தது, ஒன்று கோலிக்குண்டு, இன்னொன்றுக்கு உருவமே இல்லை. லில்லி அவற்றைப் பார்த்தாள்.

"அத்தான், இதுக்கும் மூணு கொட்டேசன் வாங்கினியளோ?"

பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் உரிய பலகாரமும் டின்களில் ஏறிவிட்டது. தங்கைகள் ஆட்டோவில் கிளம்பினார்கள். உருளி எங்கள் வீட்டிலேயே இருந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் எமிலி ஓர் ஆளை அவளே கூப்பிட்டாள். விலைப்புள்ளி இல்லை, குழு இல்லை. பலாமரத்தை ஒட்டித் தகரம் போட்டு வொர்க் ஏரியா வந்தது. அடுப்பு அவள் முழங்கால் உயரத்துக்கு. அன்றிலிருந்து பலகாரம் எங்கள் வீட்டில்தான். ஆக, இரண்டு அடுக்களை உள்ள வீடுகளைக் கண்டு பல்லைக் கடித்த என் வீட்டிலும் இரண்டு அடுக்களை. முன்னால் இருப்பது எனக்கென்று ஆகிவிட்டது. அதில் நானே எனக்குப் பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக்கொள்கிறேன். மேடை என் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது. அந்தச் சராசரி ஆள் யார் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

அலமாரியை மாற்ற எமிலி விடவில்லை. "கெடக்கட்டும். ஆளு வந்தா காட்டணும்லா" என்றுவிட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். புஷ்பத்தின் முன் அடுக்களைக்குக்கூட இத்தனை பார்வையாளர்கள் கிடையாது. நான் யாருக்காவது யோசனை சொல்ல ஆரம்பித்தால், "அலமாரி சிரிக்குது" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்கு லில்லியின் புது மருமகன் வந்திருந்தார். சென்னைப் பையன், மரியாதையானவர். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்க வேண்டும், எது நல்லது என்று பொதுவாகக் கேட்டார். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்ல மூணு கடையில..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

"மாமா, அலமாரி சிரிக்குது" என்றார்.

தகுதிகாண் பருவம் முடியும் முன்பே பணி நிரந்தரம் ஆனவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.