மூன்று வினாடி பக்தி

கோயிலில் கண்ணைத் திறந்துகொண்டு சாமி கும்பிடுகிறவன் நான். சேலையூரில் சிலர் இதைத் திமிர் என்று நினைக்கிறார்கள். காரணம் நரம்பு.

சில வருடங்களாக என் கால் நரம்புகள் பழுது. தரை எங்கே இருக்கிறது என்று பாதம் மூளைக்குச் சொல்லாது; கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பயிற்சி செய்து மெல்லத் தேறிக்கொண்டிருந்தேன். தினமும் டைரியில் குறிப்பேன்: ஒற்றைக்காலில் இடது 9 வினாடி, வலது 6. இரண்டு காலையும் ஊன்றி, கண்ணை மூடி: 3. ("பக்கத்துல பிடிமானம் இல்லாம நின்னுக்கிட்டு கண்ண மட்டும் மூடாதீங்க சார்" என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். அளவுகோல் வைத்து.)

அந்த ஞாயிறு, மகள் நித்யாவைப் பார்க்க அஸ்தினாபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. பையனும் பெண்ணும் ஏற்கெனவே பேசிப் பிடித்துப்போனவர்கள். பெரியவர்கள் சொதப்பாமல் இருந்தால் போதும். எனவே கைத்தடியை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

"தடிய எடுத்துக்கப்பா. அவங்ககிட்ட சொன்னாதான் என்ன?" என்றாள் நித்யா.

"கடைசியா விழுந்து பதினோரு நாளாச்சும்மா. டைரில இருக்கு."

"டைரி வந்து பிடிக்காதுப்பா."

பையனின் அப்பா தயாளன் என் வயதுக்காரர், முறுக்கு மீசை. சந்நிதி முன் இருவரும் விறைப்பாக நின்றோம். குருக்கள் கற்பூரம் காட்டினார். ஐம்பத்து மூன்று வருடப் பழக்கம், கண் தானாக மூடிக்கொண்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

வெட்டிய மரம் மாதிரி சாய்ந்தேன். கைகள் முன்னே ஊன்றியதால் மூக்கு பிழைத்தது. கண்ணைத் திறந்தபோது பிள்ளையாருக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தேன்.

நித்யா பதறிக்கொண்டு வந்தாள். பையனின் அம்மா அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். "தொந்தரவு பண்ணாதம்மா. ஏதோ வேண்டுதல். என்னா பக்தி பாரு." பிறகு கணவரிடம், "நீங்களும் விழுந்து கும்பிடுங்களேன்."

தயாளன் தயங்கினார். பெண் வீட்டுக்காரனிடம் தோற்பதா? தூணைப் பிடித்து, பல்லைக் கடித்து, என் பக்கத்தில் நீளமாகப் படுத்துவிட்டார்.

பிடிமானம் இல்லாமல் என்னால் எழ முடியாது. கிடந்தேன். அவரும் கிடந்தார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். குருக்கள் தட்டோடு காத்திருந்தார்.

"நீங்க முதல்ல எழுந்திருங்க சார்," என்று முணுமுணுத்தேன். "மரியாதைக்கு."

"பரவால்ல, நீங்க எழுந்திருங்க."

இனி மறைத்துப் பயனில்லை. "என்னால முடியாது சார். காலு நரம்பு வீக்கு. தடிய வீட்ல ஒளிச்சு வச்சிட்டு வந்துட்டேன்."

தயாளன் தரையில் கன்னத்தை வைத்தபடியே என் பக்கம் திரும்பினார். "எனக்கு ரெண்டு முட்டியும் அவுட்டு சார். பொண்ணு வூட்டுக்காரங்க முன்னாடி நொண்டாதீங்கன்னு இவ சொல்லிட்டா. நான் கீழ உக்காந்தே ஆறு மாசம் ஆவுது."

நானும் தரையில் கன்னத்தை வைத்து அவர் பக்கம் திரும்பினேன்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு சார்," என்றார் அவர். "யாரையாவது நாற்காலி கொண்டாரச் சொல்லுங்க."

கல்யாணம் முடிந்து ஒரு வருடமாகிறது. இப்போது ஒற்றைக்காலில் இடது 22, வலது 17. கண்ணை மூடி 8. தடியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனாலும் குடும்பத்தோடு அந்தக் கோயிலுக்குப் போனால், குருக்கள் கற்பூரத்தைப் பிள்ளையாருக்குக் காட்டிக்கொண்டே என்னைத்தான் பார்க்கிறார்: "கண்ணு, சார், கண்ணு."

சம்பந்திகள் இருவருக்கும் பின்னால் மாப்பிள்ளை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு தயாராக நிற்கிறார்.