ஸ்பட்டின் ஆத்ம பலம்

பெங்குவின் என்ற அந்தச் சிற்றூரின் கூடத்தில் அன்று எள் விழ இடமில்லை. பக்கத்து ஊரான டெவன்போர்ட்டிலிருந்தும் பஸ் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மாஸ்டர் ஃபீனிக்ஸ், நோயாளிகளை நடக்கவைக்கும் ரோபோக் கால்களோடு எழுந்தருளியிருக்கிறார் அல்லவா! நேற்றுவரை அவர் பழைய கார் வியாபாரி. ஆத்மாவில் லாபம் அதிகம் போலிருக்கிறது.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பிரானுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளை போடும் கட்டளை நரம்பில் தடுமாறி, காலுக்கு அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். ஆஸ்பத்திரி ரோபோவில் அவள் நடை பழகுகிறாள். கால் முடிந்ததைச் செய்ய, மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இறங்கும்போது சட்டையைப் பிழியலாம். மாஸ்டரின் மேடையில் நடந்தவர்களுக்கோ ஒரு துளி வேர்வை இல்லை. அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"இந்த மிஷின் ஆத்மாவையே அளக்குதாம். தொண்ணூறு தாண்டினா மருந்து ஊசியை நிறுத்திடலாமாம்" என்றான் கணவன் கெல்வின்.

"நிறுத்திட்டு?"

"நடப்பே."

"படுத்துடுவேன், கெல்."

அவளுக்குப் பயமாகவே இருந்தது. நோயைக் கட்டிப்போட்டிருப்பதே அந்த ஊசிதான். கெல்வினோ அடுத்த ஊசியை வாங்கவே போகவில்லை.

"சரி, முதல்ல நம்ம ஸ்பட் ஏறட்டும். மிஷின் அவனை என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு நான் ஏறுறேன்."

ஸ்பட் என்றால் அந்த ஊரில் உருளைக்கிழங்கு. தெருவுக்கு ஒருத்தனுக்காவது அதுதான் பட்டப்பெயர். கெல்வின் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய், தன் பழைய கால்சட்டையிலும் கோட்டிலும் கிழங்கை அடைத்து, தொப்பி வைத்து, சக்கர நாற்காலியில் மேடைக்குத் தள்ளி வந்தான்.

நோயாளியை இயந்திரத்தில் கட்டுவது வீட்டார் பொறுப்பு. விழுந்தால் பழியும் அவர்களுக்கே. மாஸ்டர் கண்ணை மூடிப் பிரபஞ்சத்தோடு பேசிக்கொண்டிருப்பார்.

"பேரு?"

"ஸ்பட்" என்றாள் பிரான்.

"ஸ்பட், நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க."

"சொல்லி மாளாது மாஸ்டர். மண்ணுக்குள்ளேயே கிடந்தவன்."

இயந்திரம் கிளம்பியது. ஸ்பட் ராஜநடை போட்டான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாஸ்டர் அதை ஆனந்தக் கூத்து என்று எடுத்துக்கொண்டார்.

"ஆத்ம பலம் தொண்ணூற்றாறு" என்றது இயந்திரம்.

"ஸ்பட், இனி உங்களுக்கு மருந்தே வேண்டாம்."

"வேகவச்சு வெண்ணெய் தடவினா போதும்" என்றது பின்வரிசை.

கால்சட்டை கிழிந்தது. கிழங்குகள் உருண்டு மாஸ்டரின் காலில் மோதின. கண் திறந்தார். அடுத்த நிமிஷம் பின்கதவு வழியே நிஜமான அற்புத நடையைக் காட்டினார்.

கெல்வின் முகம் சிவக்கக் கார் சாவியை எடுத்தான். "மருந்துக்கடை மூடறதுக்குள்ள வா. நான் ஒரு மடையன்."

பிரான் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வாசலில் அவள் திரும்பிப் பார்த்தபோது, முன்வரிசைக்காரர்கள் சிலர் அந்தக் கிழங்குகளைப் பிரசாதமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கிழங்குக்கு மூளை இல்லை, ஆட்டிவைத்தபடி நடந்தது. மூளை இருக்கிறவர்களுக்கு என்ன வந்தது?