முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

"காலேஜ் முடிச்சிட்டா அடுத்து எத்தினியாவது, அண்ணா?"

வீட்டுக்காரர் மகள் கலைமதி ஒருநாள் இப்படிக் கேட்டாள். இரண்டாவது முடித்தால் மூன்றாவது என்பது அவள் கணக்கு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, படப்பையில் அறை எடுத்து, ஒரகடம் கம்பெனியில் டிரெய்னியாக நட்டு முடுக்குகிற இசக்கியப்பன் என்ன சொல்வான்?

அந்தக் கேள்வியையே தலைப்பாக்கி, இணையத்தில் வாராவாரம் ஒரு சித்திரக்கதை போட ஆரம்பித்தான். ஷிப்ட் பஸ்ஸில் வாய் பிளந்து தூங்குவது, அறையில் சோறு அடிப்பிடிப்பது எல்லாம் அதில் வந்தன. காகிதத்தில் வரைந்து, பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து ஏற்றுவான்.

ஒரு மீசை சூப்பர்வைசரும் அதில் வந்தார். அந்த மீசை திரும்பினால் மெஷினே பயந்து நின்றுவிடும். வம்பு அங்கேதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கட்டம், மாதக்கணக்கில் பதினொன்றிலேயே கிடந்தது. திடீரென்று ஒரே வாரத்தில் எழுபதாகிவிட்டது.

"ஏலே, நம்ம கம்பெனி பூரா பாக்குதுலே!" என்றான் அறைத்தோழன் சுடலைக்கண்ணு. "மீசைன்னா கோதண்டராமன் சார்தாம்னு பச்சப்புள்ளையும் சொல்லும். சனிக்கிழமை அவரு கையெழுத்துப் போட்டாத்தான் நீ பெர்மனென்ட். இல்லன்னா மூட்டையக் கட்டு."

அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஊரில் அப்பா, தங்கை கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்.

இசக்கி ஓடிப்போய், மீசையை மறைத்து ஒரு மாஸ்க் வரைந்து ஏற்றினான். மறுநாள் எண்ணிக்கை நூற்று நாற்பது.

"மாஸ்க்குன்னா பெயிண்ட் ஷாப் மேனேஜர்லா?" என்றான் சுடலைக்கண்ணு. "கேன்டீன்லகூட கழத்தாத மனுசன் அவரு ஒருத்தர்தான்."

மாஸ்க்கை எடுத்துவிட்டு, வெள்ளை ஹெல்மெட்டை மோவாய்வரை இறக்கினான். இருநூற்று இருபது.

"வெள்ளை ஹெல்மெட்டு பிளான்ட் ஹெட்டுக்கு மட்டுந்தாம்டே. படிப்படியா ஏறிக்கிட்டே போறியே!"

மனிதரே வேண்டாமென்று எருமை வரைந்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு!

"எருமை நல்லா வந்திருக்கு," என்றான் சுடலைக்கண்ணு. "இனி மூணு பேரும், இது நாமதானோன்னு யோசிப்பாவ."

இசக்கிக்குத் தெரிந்த கடைசி வழி பிள்ளையார்தான். சனிக்கிழமை காலை நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டான். மதியம் கோதண்டராமன் கூப்பிட்டபோது அவரிடம் நொண்டிக்கொண்டே போய் நின்றான்.

"காலு இன்னாபா ஆச்சு?"

"தோப்புக்கரணம், சார்."

"இன்னா தப்பு பண்ண?"

"சும்மா... பக்தி, சார்."

அவர் மீசையைத் தடவியபடி ஒரு தாளை நீட்டினார். கையெழுத்து ஈரம் காயாமல் இருந்தது.

"பெர்மனென்ட் ஆயிட்ட. ஒழுங்கா வேலை செய். போ."

கால்வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிள்ளையாருக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் நேரே பிரவுசிங் சென்டருக்குப் போனான். ஆண்டவன் ஒருமுறை காப்பாற்றினால், மறுமுறை அவனுக்கு வேலை வைக்கக் கூடாது அல்லவா?

"அக்கா, என் படம் எல்லாத்தையும் அழிக்கணும்," என்றான் கடை நடத்தும் சரோஜாவிடம்.

"ஏம்பா? நல்லாத்தான கீது?"

"முந்நூத்திப் பன்னெண்டு பேரு பாக்காவக்கா! யாராச்சும் ஒருத்தர் எங்க சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டா?"

சரோஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தாள்.

"சொல்லாதன்னாரு. நீ அழிக்கப் போறன்னுதான் சொல்றேன். உங்க சூப்பர்வைசரு அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன அன்னிக்கு, அவரு வேலையையும் சேத்து நீ பாத்தியாமே, யாராண்டயும் சொல்லிக்காம? வாயத் தொறந்து தேங்க்ஸ் சொன்னா கெத்து போயிடுமாம். நாலு பேரு பாக்கறாங்கன்னு பையன் சந்தோசமா இருக்கட்டும்னு, தெனம் அந்த மூலை சிஸ்டத்துல குந்திகினு ரெஃப்ரெஷ் அமுக்கினே இருக்காரு. ஒரு அமுக்குக்கு ஒரு ஆளுன்னு ஏறுது. முந்நூத்திப் பன்னெண்டு பேரும் அவரு ஒருத்தர்தாம்பா!"