அத்தை வீட்டில் ஆறு வெள்ளைத் துணிகள்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் நோட்டுப் போட்டு ஆராய்ச்சி செய்யும் ஆண்களிடம் எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. இதை நான் அடித்துச் சொல்லக் காரணம், நானே அப்படிப்பட்டவன் என்பதுதான். கடலூரில், செம்மங்குப்பம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுக்க எதையாவது எடுத்து, அளந்து, குறை கண்டுபிடித்து எழுதுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். (வீட்டில் இதே வேலையை இலவசமாகச் செய்வேன்.)

என் மனைவி கவிதாவுக்குச் சொந்த ஊர் சிதம்பரம். மாமனார் காலமான பிறகு அத்தையும் கவிதாவின் தம்பி பிரபுவும் மட்டும் அந்த வீட்டில் இருந்தார்கள். அத்தை அதிகம் பேச மாட்டார். பெருக்குவார். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், விளக்கு வைப்பதற்கு முன் ஒரு தரம். "அந்தம்மா வூட்டுத் தரையில சோறு போட்டுத் திங்கலாம்" என்று தெருவில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது மட்டும் அத்தையின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வரும். அந்தப் பெயரைச் சம்பாதித்ததில் முதுகு போய்விட்டது.

"என்னாங்க, அம்மாவால குனிய முடியல. வாக்குவம் கிளீனர் ஒண்ணு வாங்கிக் குடுப்போம். லேசா இருக்கணும், அவ்ளோதான்" என்றாள் கவிதா.

அவ்ளோதான் என்று அவள் முடித்த இடத்தில் நான் ஆரம்பித்தேன். மூன்று வாரம். உறிஞ்சும் திறன், மோட்டார், சத்தம், பை வைத்தது, பை வைக்காதது, தண்ணீரையும் இழுப்பது (கடலூர்க்காரனுக்கு மழைக்காலம் பற்றிய கவலை எப்போதும் உண்டு) என்று பதினோரு மாடல்களுக்கு அட்டவணை போட்டேன். எடைக்கும் ஒரு கட்டம் இருந்தது. தாளில் இடம் போதாததால் அதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளியிருந்தேன். கடைசியில் முதல் மதிப்பெண் வாங்கியது எட்டுக் கிலோ எடையுள்ள ஒரு ராட்சசன்.

வாங்கும் முன் வீட்டுக்கே வந்து இலவசமாக ஓட்டிக் காட்டுவார்களாம். எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் பொருள் எங்கே பயன்படப் போகிறதோ அங்கேதான் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பாலபாடம். எனவே சிதம்பரத்துக்கு வரச் சொன்னேன். அதுவும் எந்த ஞாயிற்றுக்கிழமை தெரியுமா? பிரபுவுக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார் பண்ருட்டியிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை.

"இன்னிக்கிப் போயா?" என்றாள் கவிதா.

"அவுங்க பதினோரு மணிக்கு. மெஷின் ஒம்பது மணிக்கு. ரெண்டு மணி நேரம் இருக்குடி."

மெஷின் பத்தரைக்கு வந்தது. கூடவே டை கட்டிய, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு விற்பனைப் பிரதிநிதி. கவிதா கண்ணாலேயே அவரை அனுப்பிவிடச் சொன்னாள். நான் கண்ணாலேயே பதினைந்து நிமிடம் கேட்டேன்.

அத்தை விடியற்காலை நான்கு மணியிலிருந்து வேலை செய்திருந்தார். தரை பளபளத்தது. சோபாவைக் குச்சியால் தட்டித் தட்டித் தூசு போக்கியிருந்தார். பிரதிநிதி அதையெல்லாம் பார்த்துவிட்டு, "ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்கம்மா" என்றார். அத்தையின் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு பிரதிநிதி மெஷின் குழாயின் வாயில் ஒரு சின்ன வெள்ளைத் துணியைப் பொருத்தி சோபாவில் ஓட்டினார். துணியை வெளியே எடுத்தபோது நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் படிந்திருந்தது. தரையில் விரித்து வைத்தார். அடுத்த துணி தலையணைக்கு. அடுத்தது பாய்க்கு. அப்புறம் திரைச்சீலை, மெத்தை, கடைசியாக அந்தத் தரை. கூடத்தில் ஆறு துணிகள் வரிசையாகக் கிடந்தன. உலகத்தில் எந்த வீட்டில் ஓட்டினாலும் அப்படித்தான் வரும் என்பதை யோசிக்கும் அளவுக்கு எனக்கு அறிவில்லை. நான் குனிந்து துணிகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன்.

"யப்பா! தலையணையில இவ்ளோவா? சோபாவ விட ஜாஸ்தியா இருக்கே!" என்று நான் கூவிய நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெண்ணின் அப்பாவும் அவருடைய அக்காவும் நின்றிருந்தார்கள்.

அப்போதாவது துணிகளைச் சுருட்டியிருக்கலாம். ஒரு துண்டையாவது தூக்கி மேலே போட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், வரவேற்றேன்.

"வாங்க, வாங்க! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இத பாருங்களேன். இதெல்லாம் காலையில நாலு மணிக்கே பெருக்குன வீடு!"

மெஷினைத்தான் புகழ்ந்தேன். சத்தியமாக மெஷினைத்தான் புகழ்ந்தேன்.

பெண்ணின் அப்பா முந்திரி வியாபாரி. ஒரு துணியை எடுத்து, பருப்பைத் தரம் பார்ப்பது போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நல்லா இழுக்குதே" என்றார். அக்காவை உட்காரச் சொன்னோம். அவர் சோபாவைப் பார்த்தார். அதன் எதிரில் கிடந்த துணியைப் பார்த்தார். "இல்ல, எனக்குக் கீழதான் சௌகரியம்" என்றார். கவிதா பாயை எடுத்தாள். பாயின் துணியும் அங்கேதான் கிடந்தது. "வாசல்ல காத்து நல்லா வருது" என்று அந்த அம்மாள் நிலைப்படிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். காபியையும் நின்றபடியேதான் குடித்தார். அதற்கு முன் டம்ளரின் உள்ளே ஒரு பார்வை பார்த்தார்.

அத்தை அடுக்களை வாசலில் தட்டோடு நின்றிருந்தார். வேறு யாராக இருந்தாலும் அந்தத் தட்டு என் தலையில் இறங்கியிருக்கும். நான் வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளையைத் திட்டுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. "கால்ல படப் போவுது மாப்ள. எடுத்துருங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இருபது நாள் பண்ருட்டியிலிருந்து ஒரு பதிலும் இல்லை. பிரபு என்னிடம் ஒருமுறைதான் பேசினான். "மாமா, என் கல்யாணத்தையே இழுத்துப் பைக்குள்ள போட்டுட்டீங்க." நான் தினமும் ஆபீஸில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் சிதம்பரம் பக்கமே தலைகாட்ட முடியாது என்று தெரியும்.

இருபத்தோராம் நாள் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெண்ணுக்குப் பிரபுவைப் பிடித்துப்போயிருந்ததாம். (அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.) நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் சீர் வரிசையைப் பரப்பினார்கள். பித்தளைப் பாத்திரம், கட்டில், பீரோ, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதன்மேல் இருந்த படத்தை நான் பார்த்தேன். மூன்று வாரம் ஆராய்ந்து நான் தேர்ந்தெடுத்த அதே எட்டுக் கிலோ ராட்சசன். அன்றைக்கு நான் கவனிக்காத நேரத்தில் பெண்ணின் அப்பா பிரதிநிதியிடம் நம்பர் வாங்கி வைத்திருக்கிறார்.

பெண்ணின் பெரிய அத்தை, அதாவது நின்றுகொண்டே காபி குடித்த அந்த அம்மாள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "சம்பந்தியம்மா வூட்ல தூசி ஜாஸ்தி, பாவம், அவுங்க எவ்ளோ நாளு பெருக்குவாங்க? அதான் வாங்கிட்டோம்."

தெருக்காரர்கள் எல்லோரும் முன் வரிசையில் இருந்தார்கள். அத்தை எழுந்து வந்து, பெட்டியைத் தொட்டு வாங்கிக்கொண்டு, சிரித்தார். நான் பந்திக்குப் போகவில்லை. அன்று பசிக்கவும் இல்லை.

மெஷினை அத்தையால் ஒரு நிலைப்படிகூடத் தாண்டி இழுக்க முடியவில்லை. இப்போது அது பரணில் இருக்கிறது. பிரபுவும் அவன் மனைவியும் வேலைக்காகச் சென்னை போய்விட்டார்கள். அத்தை துடைப்பத்தை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார்.

நாங்கள் எல்லோரும் அங்கே கூடும்போதெல்லாம், நான் உட்காரும் முன் யாராவது சோபாவில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, "இப்ப உக்காருங்க, இது புதுத் துணி" என்பார்கள். ஆரம்பித்து வைத்தவன் பிரபு. இப்போது என் மகளே செய்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பார். நான் வருகிறேன் என்று தெரிந்தால் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து வீடு முழுக்கக் கழுவிவிடுகிறார் என்று கவிதா சொன்ன பிறகு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அதனால் போன வருஷம் ஒரு யோசனை செய்தேன். (ஆம், மறுபடியும் யோசனை.) சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் அவரால் எதையும் கழுவ முடியாது. அப்படியே ஆறு முறை கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் இறங்கினேன். ஒவ்வொரு முறையும் வீடு ஈரமாகப் பளபளத்தது.

ஆறாவது முறை காபியைக் கையில் கொடுத்துவிட்டு அத்தை சொன்னார்: "இனிமே ஒரு போன் போட்டுட்டு வாங்க மாப்ள. எப்ப வருவீங்கன்னே தெரியல. தினமும் நாலு மணிக்கு எந்திரிக்க வேண்டியதா இருக்கு."

ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சோபாவில் வெள்ளைத் துண்டை விரித்தார். நான் அதன்மேல் உட்கார்ந்து காபியைக் குடித்தேன்.